நூரக்கா எடுத்த படம்

ஓடுகிறது, இப்போதைக்கு ஓடுகிறது என்று தவமணி நினைத்தாள். நினைத்ததுமே அப்படி நினைத்திருக்கக் கூடாது என்று பட்டது. தூங்குகிற பிள்ளையைப் பார்த்து நன்றாகத் தூங்குகிறதே என்று யாராவது சொன்னால் உடனே முழித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. மேல்மூடி கழற்றிய வீடியோ டெக்குக்குள் வெள்ளி உருளை சுற்றிக்கொண்டிருந்தது, நாடா அதை ஒட்டி வளைந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, பதிவாகிறது என்பதற்கு. அது எரிகிறதா என்று பார்த்தாள், எரிந்தது, கண்ணை எடுத்தாள், எரிகிறதா என்று மறுபடி பார்த்தாள். வெளியே கோடை வெயில். காற்றாடியை அவளே நிறுத்தியிருந்தாள், தூசி பறக்கும் என்று. கழுத்திலிருந்து வியர்வை இறங்கி ரவிக்கைக்குள் போவது தெரிந்தது, துடைக்கவில்லை. மடியில் கிடந்த வலது கை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கட்டும், அதற்கு இப்போது வேலை இல்லை. கரண்ட் போகாமல் இருந்தால் போதும். போனால் பாட்டரி தாங்கும் என்று விற்றவர் சொன்னார். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் தாங்கும் என்றுதான் சொல்வார்கள். இந்தக் கேசட் ஒரு தடவைதான் ஓடும், அதற்கு மேல் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். கூரை ஒழுகி, எத்தனையோ மழைக்காலம் ஈரத்தில் கிடந்து, ஒட்டியிருந்த சீட்டில் மை கரைந்து, திறந்தபோது நாடாவின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம். மெல்லிய துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, வேறு கூட்டுக்கு மாற்றி, இன்றைக்குத்தான் போடுகிற தைரியம் வந்தது. ஓடும்போதே அதன் மேல்பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கும். ஓடி முடிக்கிற அந்த நேரத்துக்குள் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதைப் போய் நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டாளே.

படத்தில் கஞ்சிமேட்டுத் தெரு வந்தது. இதே தெரு, இந்த ஜன்னலைத் திறந்தால் கீழே கிடக்கிற தெருதான், ஆனால் மாடிகள் இல்லாமல், இவ்வளவு வானத்தோடு. தெருவின் குறுக்கே குடங்கள். பித்தளையும் பிளாஸ்டிக்கும் கலந்து, வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக, அதற்குப் பின்னால் பெண்கள். குடிதண்ணீர் லாரி வராமல் போய் எத்தனை நாளோ, அந்தக் கோபம். வைகைக்கு வடகரையில் இருந்துகொண்டு தொண்டை நனைக்கத் தண்ணீர் இல்லாத கோபம். படம் கீழே இறங்கி, குடங்களின் ஓரமாகவே நடந்து போனது. நடக்கிறபோது ஆடாது நூரக்காவுக்கு. அந்தப் பெரிய கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு முழங்காலை லேசாக மடக்கி நடப்பாள், நிறை குடம் தூக்குகிறவள் மாதிரி, அதில் ஒரு சொட்டுச் சிந்தாது. நூர்ஜகான் என்று முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோவில் படங்களை வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தவள். மாப்பிள்ளை தலையைச் சுற்றித் தாமரை சுழல வைத்துச் சலித்துப்போய், மாதர் சங்கத்துக்காரர்கள் ஒரு கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு யாருக்கும் இயக்கத் தெரியாமல் விழித்தபோது, நான் எடுக்கிறேன் என்று வந்து நின்றாள். அப்படித்தான் ஜன்னல் வீடியோக் குழு பிறந்தது. தவமணி அப்போது தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பெண்; ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வா என்றாள் நூரக்கா, போனாள், அவ்வளவுதான், திரும்பி வரவேயில்லை. பகலில் எடுப்பார்கள். பொழுது சாய்ந்ததும் ஒரு மூன்று சக்கர வண்டியில் டிவியை ஏற்றி, யார் வீட்டிலாவது கரண்ட் வாங்கி, முச்சந்தியில் வைத்து ஓட்டுவார்கள். முதல் தடவை தன்னையே டிவியில் பார்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது ஞாபகம் வந்தது. அதுவரை டிவி என்றால் டெல்லிக்காரர்களும் சினிமாக்காரர்களும் இருக்கிற இடம். அடி நம்ம குடம்டி அது என்று யாரோ சொன்னார்கள். முகத்தை விட்டுவிட்டுக் குடத்தைத்தான் முதலில் அடையாளம் கண்டார்கள்.

ஒரு ஜீப் வந்து நின்றது, குடிநீர் வாரியத்து இஞ்சினீயர் இறங்கினார். அட, இது அந்த நாள்தான். தவமணி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். கேமராவை அணைத்தால்தான் பேசுவேன் என்று அந்த மனிதர் சொன்னார், படத்துக்கு வெளியிலிருந்து நூரக்காவின் குரல், வெகு பணிவாக, அணைச்சாச்சு சார் என்றது. அணைக்கவில்லை. எடுக்கிறபோது கேமராவின் முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஜீப்பின் சத்தம் கேட்டதுமே நூரக்கா தவமணியின் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டிருந்தாள். அன்றைக்குப் பூரா நெற்றியில் பசையின் பிசுபிசுப்போடு அலைந்தது நினைவு வந்து, தவமணி தன்னையறியாமல் நெற்றியைத் தொட்டாள். அப்படியானால் இதுதான் அந்தக் கேசட். அப்படியானால் கடைசியில் அது இருக்க வேண்டும். இருக்குமா? ஆண்டவரே, இருக்கட்டும். நூரக்காவின் மகள் ஷமீம் போன மாதம் மேலப்பாளையத்திலிருந்து பேசினாள். தவமணியைச் சாச்சி என்றுதான் கூப்பிடுவாள், அம்மாவின் தங்கச்சி முறை வைத்து. தன் மருந்துக்கடையைப் பற்றிச் சொல்லி, கால்வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள்: அம்மா முகம் எதிலாவது இருக்குமா சாச்சி? நூரக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் இருப்பது வாக்காளர் அட்டையில் இருக்கிற படம் மட்டும். அதை எடுத்துப் பெரிதுபண்ணிப் பார்த்தார்களாம், கரியை அப்பின மாதிரி வந்ததாம். படம் எடுக்கிறவளை யார் படம் எடுப்பார்கள்? இத்தனை கேசட்டில் இத்தனை தெருவும் ஜனமும் இருக்கிறது, எடுத்தவள் ஒன்றிலும் இல்லை. அப்போதுதான் தவமணி சொன்னாள், ஒன்றில் இருக்கிறாள், நான் எடுத்திருக்கிறேன் என்று. சொன்னபோது சந்தேகமே இல்லை. தண்ணீர் மறியல் முடிந்து கூட்டம் கலைகிற நேரம், மஞ்சள் வெயில், நூரக்கா கேமராவைத் தன் தோளிலிருந்து இறக்கி இவள் தோளில் வைத்தாள். அந்தக் கனம், கண் வைத்துப் பார்க்கிற ரப்பரில் நூரக்காவின் வியர்வை ஈரம், உள்ளே கறுப்பு வெள்ளையில் நூரக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தது. எல்லாம் இருக்கிறது. சிரிப்பில் மேல்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும், அதுகூட.

இருக்கிறதா? அந்த ரப்பரின் ஈரம் வேறு எத்தனையோ நாளில் பட்டதுதான். பின்னால் இவளே எத்தனையோ எடுத்தாள். ஆனால் நூரக்காவை எடுத்தது அன்றைக்கு ஒரு நாள்தான், அதனால்தானே மறக்கவில்லை. மறக்கவில்லையா, இல்லை ஷமீம் கேட்டபோதுதான் ஞாபகம் வந்ததா? அதற்கு முன்னால் எப்போது அதை நினைத்தாள்? யோசித்தாள். நூரக்காவின் மையத்து எடுத்த அன்று நினைத்தாளா? அன்று நினைத்தது வேறு, வெளுத்துப்போன அந்தப் பாதம். சரி, எடுத்ததே உண்மை என்றால், பொத்தானைச் சரியாக அழுத்தினாளா? அழுத்தியிருந்தால், அதன் மேல் வேறு எதையாவது எடுத்துவிட்டார்களா? புதுக் கேசட் வாங்க வழியில்லாமல் எத்தனை கேசட்டை அழித்து அழித்து எடுத்தார்கள். ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக் கூட்டம் அப்படித்தான் போயிற்று, அதன் மேல் நாடகப் போட்டி. அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஓட்ட ஏதாவது வேண்டும் என்பதுதான் தெரிந்தது. அதுவும் பிறகு கேபிள்காரர் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்களுக்கு விட்டுடறேன், என்ன வேணாப் போட்டுக்கங்க என்று இதே அறையைக் கொடுத்த பிறகு, வாராவாரம் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பசி. போர்வையைப் பின்னால் கட்டி ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் மாடி ஏறி வந்து பேசலாம். பேசினார்கள். தறி ஓட்டுகிறவர், இட்லி வியாபாரம் செய்கிறவள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கை ஒருத்தி, ரேஷன் அரிசியைக் கையில் அள்ளிக் கொண்டுவந்து காட்டிய பெரியவர். அந்த முகங்களெல்லாம் இந்த மூன்று சுவரிலும் கேசட்டுகளாக அடுக்கியிருக்கின்றன, முகம் தெரியாமல்.

கேபிள்காரரின் மகன் நல்லபடியாகத்தான் சொன்னான். ஆடி பிறந்தா வேலை ஆரம்பிக்க முடியாதுக்கா, ஆனியிலேயே கட்டிடத்தை இடிச்சாகணும். அவன் பேரில் கோபமில்லை, அவனுக்கும் கட்டிடம் ஒழுகுகிறது. சென்னையிலிருந்து ஓர் ஆவணக் காப்பகத்துக்காரர் வந்து பார்த்தார், ரகோத்தமன் என்று பெயர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே வைத்தார், நல்ல மனுஷர். எல்லாவற்றையும் எங்களால் கொண்டுபோக முடியாது அம்மா, முக்கியமானதாக ஒரு பெட்டி எடுத்துக் கொடுங்கள் என்றார். எது முக்கியம் என்று தவமணி கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, அதிகாரிகள் வருகிற இடம், போராட்டம், தலைவர்கள் பேச்சு என்றார். தவறாகச் சொல்லிவிட்டார் என்று தவமணிக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு பெட்டி எடுத்து வைக்க உட்கார்ந்தபோது ஒன்றைக்கூட இது வேண்டாம் என்று தள்ள முடியவில்லை. எடுத்தபோதே எது முக்கியம் என்று தெரியாதே. தெரிந்திருந்தால் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியை அழித்திருப்பார்களா? ஆகவே அத்தனையையும் நானே கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் வாதாடவில்லை, ஊருக்குப் போய் ஒரு நல்ல டெக்கை லாரியில் போட்டு அனுப்பினார். அதுதான் இப்போது ஓடுகிறது. சொன்னபோது இந்தக் கை நடுங்க ஆரம்பித்திருக்கவில்லை. நரம்பு டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பிறகு, மெதுவாகத்தான் கூடும், பயப்படாதீர்கள் என்றார். மெதுவாக என்றால்? ஆனி வரை கை தாங்குமா, அதற்கப்புறமும் தாங்குமா? அறை போனால் வீட்டில் வைத்து ஓட்டலாம், கட்டிலுக்கு அடியில் அடுக்கலாம். கை போனால்? திருகாணியைக்கூடக் கழற்ற முடியாத கையோடு இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது. இப்போது இது, இது முடிந்தால் அடுத்தது.

படத்தில் இஞ்சினீயர் கையை நீட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அவருடைய முகத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பிறகு இன்னொன்று. பிறகு முகம் இல்லை, ஜீப் இல்லை, திரை முழுக்க வெள்ளைப் பொறி, ஈசல் புகுந்த மாதிரி. சத்தம் மட்டும் தூரத்தில் கரகரவென்று. தவமணிக்குக் காது அடைத்தது. உதிர்ந்த பூச்சு, உருளையில் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் அப்பிக்கொண்டுவிட்டது. ஓடவிட்டால் தானாக விலகலாம், விலகாமல் கடைசிவரை பொறியாகவே ஓடி முடியலாம்; அப்படி முடிந்தால் இரண்டாவது ஓட்டம் கிடையாது. நிறுத்தினால், வெளியே எடுக்கும்போது நாடா உருளையில் ஒட்டிக்கொண்டு அறுந்துபோகலாம். என்ன செய்வது? நூரக்கா இருந்தால் என்ன செய்வாள்? நூரக்கா இல்லை. ஓடட்டும் என்று ஒரு மனசு சொல்லிற்று, தொடாதே, கெடுத்துவிடாதே. பொறி பொறியாக அந்தத் தெரு போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் தெரு. நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் நிறுத்துவது என்று முடிவு செய்தது தெரிந்தது. நாடாவை உருளையிலிருந்து விரல் நுனியால் விடுவித்து, கேசட்டை வெளியே எடுத்து வைத்தாள், அறுபடவில்லை. துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, உருளையின் மேல் வைத்து, மற்றக் கையால் உருளையை மெதுவாகச் சுற்றினாள். துணியைப் பிடித்த கை அசையக் கூடாது, மேலும் கீழும் ஒரு நூல் நகர்ந்தாலும் ஹெட் ஒடிந்துபோகும். கை அசையவில்லை. அதைக் கவனித்தாள். மடியில் கிடந்தால் ஆடுகிற கை, வேலையைப் பிடித்தால் கல் மாதிரி நிற்கிறது. டாக்டரும் இப்படித்தான் ஏதோ சொன்னார், அப்போது ஏறவில்லை. துணியில் காப்பிப்பொடி மாதிரி ஒரு கறை. இந்தத் தெருவின் ஏதோ ஒரு கணம் அது, துடைத்தாகிவிட்டது, போகட்டும். காய விட்டாள். பின்னால் சுற்றிப் போய் விட்ட இடத்தைப் பிடிக்கலாமா என்று ஆசை இழுத்தது, இழுத்தால் நாடா தாங்காது. இஞ்சினீயர் கையை நீட்டிச் சொன்ன வாக்குறுதி போனால் போகிறது. ரகோத்தமன் முக்கியம் என்று சொல்லியிருக்கக்கூடிய இடம் ஒருவேளை அதுதான். இருந்தும் விட்டுவிட்டு, நிறுத்தின இடத்திலிருந்தே ஓடவிட்டாள்.

தெரு திரும்பி வந்தது. தெளிவாக, முன்னைவிடத் தெளிவாக. லாரி வந்து நிற்கிறது, குடங்கள் நிறைகின்றன, யாரோ யார் மேலோ தண்ணீரை வாரி இறைக்கிறார்கள், ஜீப்பைக் காணோம். வெயில் மஞ்சளாக இருக்கிறது. இதுதான், இதற்கப்புறம்தான். கூட்டம் கலைகிறது. தவமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது படம் ஆடும், கேமரா தோள் மாறும், வானமும் கூரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அப்புறம் முக்காடு, சிரிப்பு, ஏறின பல். படம் ஆடவில்லை. அது நிதானமாகத் திரும்பி, தெருவோரம் ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணிடம் வந்து நின்றது. நெற்றியில் பொட்டில்லை. இவ்வளவு ஒல்லியாகவா இருந்தேன்? பாவாடை தாவணியெல்லாம் சேறு. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டுகிறாள், குடு, நான் எடுக்கறேன், நீ ஒருநாளாவது நில்லு என்கிறாள். இன்னும் கிட்ட வருகிறாள். அவளுடைய காலடியில் தரையில் ஒரு நீள நிழல் விழுந்து கிடக்கிறது, தோளில் கேமராவோடு சேர்ந்து ஒரே உருவமாக. பிறகு நூரக்காவின் குரல். வாய்க்குப் பக்கத்திலேயே கேமராவின் மைக் இருந்ததால் காதுக்குள் பேசுகிற மாதிரி. இரண்டு பேச்சுதான். அதோடு படம் அணைந்தது. நீலத் திரை. நாடா கடைசிவரை ஓடி, டெக் தானாக நின்றது.

நூரக்காவைத் தவமணி எடுக்கவேயில்லை. அந்தக் கனமும் ஈரமும் சிரிப்பும் வேறு எந்தெந்த நாளிலோ இருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டவை. கேமராவைக் கேட்டதை, நூரக்கா கொடுத்ததாகவே நினைத்து இத்தனை வருஷம் வைத்திருந்தாள். ஷமீமிடம் இருக்கிறது என்று சொல்லியாயிற்று. பேசாமல், கேசட் ஓடவில்லை, பூஞ்சணம் தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே போயிற்று. இருப்பதை இருக்கிறபடி வைப்பதற்குத்தானே இந்த வெயிலில் காற்றாடி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். பதிவு முழுதாக இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. இன்னொரு பிரதி எடுத்து வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டாள். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தாள்.

ஷமீம் கடையில் இருந்தாள், பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது. தவமணி சுற்றி வளைக்கவில்லை. முகம் இல்லை, எனக்குத் தப்பாக ஞாபகம், நிழல் இருக்கிறது, குரல் இருக்கிறது என்றாள். பரவாயில்லை சாச்சி, நீங்க கஷ்டப்படாதீங்க என்றாள் ஷமீம். ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத குரல் அவளுக்கு, சின்ன வயதிலிருந்தே. மீதிக் கேசட்டும் இருக்கு, ஒன்று விடாமல் பார்க்கத்தான் போகிறேன், இருந்தால் அகப்படும் என்று தவமணி சொன்னாள். முதலில் இதைக் கேள். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, கடைசித் துண்டை ஓடவிட்டாள்.

"அடுத்த தடவை எடுக்கலாம்டி தவம்," என்றது நூரக்காவின் குரல். "பால்வாடி விட்டுருப்பாங்க, ஷமீமைக் கூப்பிடப் போகணும். நேரமாச்சுன்னா வாசல்லயே நின்னு அழும் அது."

மருந்துக்கடையில் யாரோ மறுபடி இருமல் மருந்து கேட்டார்கள். இருங்க என்று ஷமீம் சொன்னாள், அவரிடமா இவளிடமா தெரியவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம், ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"அம்மாவா சாச்சி இது?"

"அம்மாதான்."

"என்னைவிடச் சின்னப் பொண்ணு குரலால்ல இருக்கு."

தவமணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆமாம், அன்றைக்கு நூரக்காவுக்கு இவளைவிட வயது குறைவுதான். அது இதுவரை ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள், ஷமீம் முந்திக்கொண்டாள்.

"மறுபடி போடுங்க," என்றாள் ஷமீம்.

தவமணி டெக்கின் பக்கம் திரும்பவில்லை. அதில் நாடா சும்மா கிடந்தது, இனி அது ஓட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் திரையில் படம் ஓடுகிற இடத்தைக் காட்டும் கோட்டை விரலளவு பின்னால் நகர்த்தினாள். பிள்ளையைக் கூப்பிடப் போகிற அவசரத்தில் நூரக்கா முதலிலிருந்து பேசினாள்.